"ஆறு வரி மெயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது"

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 38. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழில். ஒரே நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதும் மாத அறிக்கை தயாரிப்பதும் அவர் பொறுப்பு. புதிதாக வந்த மேலாளர், இவர் எழுதிய ஒரு மெயிலைச் சிவப்பில் திருத்தி, குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஆறு வரி மெயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். எழுதியதைப் பக்கத்து இருக்கைத் தோழியிடம் காட்டி, அவர் திருத்திக் கொடுத்த பிறகுதான் அனுப்புகிறார். "எனக்கு அடிப்படையே இல்லை" என்ற வரி கடிதத்தில் நான்கு இடங்களில் வருகிறது.

கேள்விகள் மூன்று. இலக்கணப் புத்தகம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து படித்தால் சரியாகிவிடுமா? பிழை திருத்தும் செயலியிடம் முழுப் பொறுப்பையும் விட்டுவிடலாமா? அல்லது எழுத்து வேலையே இல்லாத பிரிவுக்கு மாற்றல் கேட்டுவிடலாமா? மேலாளர் திருத்தியதையும் சேர்த்து மூன்று மெயில்களை, பெயர்களை அழித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

மற்றவர்கள் எழுதிய ஆங்கிலத்தைச் செப்பனிடுவதுதான் என் தொழில். உங்கள் மூன்று மெயில்களையும் வேலைக்கு வந்த பிரதிகளைப் போலவே கையில் பென்சிலோடு படித்தேன். பிழைகளை எண்ணினேன். மொத்தம் 31. அவற்றில் 24 பிழைகள் நான்கே வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அடிப்படை இல்லாதவரின் பிழைகள் சிதறிக் கிடக்கும். ஒரே சொல்லை இந்த வரியில் ஒரு விதமாகவும் அடுத்த வரியில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார். என்ன சொல்ல வருகிறார் என்றே பல இடங்களில் பிடிபடாது. உங்கள் மெயில்களில் எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நீங்கள் சொல்ல வந்தது, ஒரே ஒரு வாக்கியம் தவிர, எல்லா இடத்திலும் எனக்குப் புரிந்தது. அந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் பிழைகள் ஒழுங்கானவை. ஒரே மாதிரியான இடத்தில் ஒரே மாதிரி வருபவை. நான்கு வகைகளில் மூன்று, தமிழின் இலக்கணத்தை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோவதால் வருகின்றன. தமிழில் நன்றாக எழுதுபவருக்குத்தான் அவை இத்தனை ஒழுங்காக வரும்.

இன்னொன்று. மேலாளர் சிவப்பில் சுழித்த இடங்கள் ஒன்பது. அவற்றில் மூன்று பிழையே அல்ல. 'பட்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள், தாராளமாகத் தொடங்கலாம். 'விச் டீம் ஷுட் வி ஸ்பீக் டு' என்று 'டு' என்ற முன்னிடைச்சொல்லில் ஒரு கேள்வியை முடித்திருக்கிறீர்கள், அதுவும் சரிதான். அப்படி முடிப்பது குற்றம் என்ற எண்ணம் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், கவிஞர் ஜான் ட்ரைடன் 1672இல் முன்வைத்த ஒரு குறை. அவருக்கு முன்னும் பின்னும் ஆங்கிலத்தை நன்றாக எழுதியவர்கள் அதைச் செய்துகொண்டேதான் இருந்தார்கள். மூன்றாவது, மூன்று பொருட்களை வரிசையாகச் சொல்லும்போது 'அண்ட்' என்பதற்கு முன் காற்புள்ளி போடவில்லை என்பது. அதைப் போடுகிற நிறுவனங்களும் உண்டு, போடாதவையும் உண்டு. பொருள் குழம்பாதவரை, உங்கள் அலுவலகத்தில் எது வழக்கமோ அதை மாறாமல் பின்பற்றினால் போதும். அவர் சொன்னதில் மீதி ஆறு சரியான திருத்தங்கள்தான். ஆனால் ஒன்பதையும் ஒரே சிவப்பில் பார்த்ததும் உங்களுக்கு ஒன்பதும் அறியாமையாகத் தெரிந்துவிட்டது.

சரி, அந்த நான்கு வகைக்கு வருவோம்.

"நேற்றே அனுப்பியிருக்கிறேன்"

உங்கள் முதல் மெயிலின் முதல் வரி: 'ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே.' இரண்டாவது மெயிலில்: 'லாஸ்ட் வீக் ஐ ஹேட் கான் டு தெர் ஆபீஸ்.' இந்த இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நேற்றே கோப்பை அனுப்பியிருக்கிறேன்." "போன வாரம் அவர்கள் அலுவலகத்துக்குப் போயிருந்தேன்." எவ்வளவு இயல்பாக இருக்கிறது! தமிழில் 'இரு' என்ற துணைவினை, செய்த காரியத்தின் விளைவு இன்னும் நிற்கிறது என்றோ, அதற்கு ஆதாரம் இருக்கிறது என்றோ காட்டும். 'நேற்று', 'போன வாரம்' எதுவும் அதற்குத் தடை இல்லை.

ஆங்கிலத்தில் 'ஹேவ்' போட்ட வினை நிகழ்காலத்தோடு கட்டப்பட்டது. முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் பக்கத்தில் வந்தால் அது ஒட்டாது. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019', 'அட் டென்' என்று நேரம் சொல்லிவிட்டீர்களா? வெறும் இறந்தகாலம் போதும்: 'ஐ சென்ட் தி ஃபைல் எஸ்டர்டே.' எப்போது என்று சொல்லவில்லை, அனுப்பியாயிற்று என்பதுதான் செய்தி என்றால் 'ஐ ஹேவ் சென்ட் தி ஃபைல்' சரி. 'ஹேட்' இன்னும் கறாரானது. கடந்தகாலத்தில் இரண்டு சம்பவங்கள் இருந்து, எது முன்னால் நடந்தது என்று காட்ட வேண்டியிருந்தால்தான் அதற்கு வேலை: 'தி மீட்டிங் ஹேட் எண்டட் பிஃபோர் ஐ அரைவ்ட்.' வெகு நாளைக்கு முன் நடந்தது என்பதற்காக மட்டும் 'ஹேட்' போட வேண்டியதில்லை.

உங்கள் 24இல் ஏழு, இந்த ஒரு பழக்கம்.

மூச்சு விடும் இடமெல்லாம் காற்புள்ளி அல்ல

இதுதான் உங்களிடம் அதிகம், ஒன்பது இடம். "மூச்சு விடும் இடத்தில் காற்புள்ளி போடு" என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. உரக்கப் படிப்பவருக்கு வழிகாட்டவே ஆதியில் இந்தக் குறிகள் வந்தன என்பதால் அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் காற்புள்ளி வாக்கியத்தின் கட்டுமானத்தைக் காட்டுகிறது. மூச்சை நம்பிப் போட்டால் இரண்டு விதமாக வழுக்கும்.

முதலாவது, 'தி ரிப்போர்ட் இஸ் ரெடி, ஐ வில் சென்ட் இட் டுமாரோ.' தமிழில் "அறிக்கை தயார், நாளை அனுப்புகிறேன்" என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதோடு, தமிழ் வாக்கியத்தில் பெரும்பாலும் கடைசியில்தான் முற்றுவினை வரும். வந்து, பார்த்து, பேசி, முடித்துவிட்டுப் போனார் என்று எச்சங்களாகவே எத்தனை தூரம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம். அந்த ஓட்டத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு எச்சமும் ஒரு முழு வாக்கியமாக மாறிவிடுகிறது. முழு வாக்கியங்கள் இரண்டை ஒட்டவைக்கும் வலு காற்புள்ளிக்கு இல்லை.

சோதனை எளிது. காற்புள்ளியின் மேல் விரலை வையுங்கள். இடப்பக்கம் இருப்பது தனியாக நிற்குமா? வலப்பக்கம் இருப்பதும் நிற்குமா? இரண்டும் நிற்கும் என்றால் மூன்று வழி உண்டு. முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக்குங்கள். அல்லது காற்புள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் 'அண்ட்', 'பட்', 'ஸோ' என ஒன்றைச் சேருங்கள். இரண்டும் நெருங்கிய செய்தி என்றால் அரைப்புள்ளி போடுங்கள். சந்தேகம் வந்தால் முற்றுப்புள்ளி. நான் பல பிரதிகளில் அதைத்தான் செய்கிறேன். 'ஹவெவர்' மட்டும் ஏமாற்றும். அது 'பட்' போலத் தோன்றினாலும் இணைப்புச்சொல் இல்லை. இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே அது வந்தால், அதற்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோதான் வர வேண்டும்.

இரண்டாவது, எழுவாயையும் வினையையும் பிரிப்பது. 'ஆல் தி டாக்குமென்ட்ஸ் யூ ஆஸ்க்ட் ஃபார் லாஸ்ட் வீக், ஆர் அட்டாச்ட்.' எழுவாய் நீளமாக இருந்ததால் மூச்சு வாங்கிவிட்டீர்கள். அந்தக் காற்புள்ளியை எடுத்துவிடுங்கள். எத்தனை நீளமானாலும் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் காற்புள்ளி கூடாது.

இவ்வளவு சின்னக் குறிக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். கனடாவில் ரோஜர்ஸ், அலையன்ட் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு இடையே, கம்பங்களில் கேபிள் கட்டிக்கொள்வதற்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஐந்து ஆண்டு நடப்பில் இருக்கும், அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யும்வரை என்பது அதன் சாரம். ரத்துப் பகுதிக்கு முன்னால் ஒரு காற்புள்ளி விழுந்திருந்தது. அந்தக் குறி இருப்பதால் முன்னறிவிப்பு உரிமை முதல் ஐந்து ஆண்டுக்கும் பொருந்தும், நினைத்த நேரத்தில் விலகலாம் என்று அலையன்ட் வாதிட்டது. 2006இல் கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு ரோஜர்ஸ் பிரெஞ்சுப் பிரதியைக் கொண்டுவந்து காட்டியது. அதில் குழப்பத்துக்கு இடமில்லை. 2007இல் முடிவு மாறியது. உங்கள் மெயில்களில் ஒப்பந்த வாசகங்களும் இருப்பதைப் பார்த்தேன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

'ஏ', 'தி'

தமிழில் இவை இல்லை, அதனால் எனக்கு வரவே வராது என்கிறீர்கள். பாதிதான் சரி. "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" இரண்டுக்கும் வித்தியாசம் உங்கள் காதுக்குத் தெரிகிறதல்லவா? முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நமக்கு இருவருக்கும் தெரிந்த அந்தப் புத்தகம். 'தி' செய்யும் வேலையை இங்கே 'ஐ' உருபு செய்கிறது. இது செயப்படுபொருளுக்கு மட்டும்தான், அதிலும் எப்போதும் பொருந்தாது. ஆனாலும் தொடக்கத்துக்கு நல்ல கைப்பிடி. தமிழில் யோசிக்கும்போது 'அறிக்கையை' என்று வந்தால் 'தி ரிப்போர்ட்'. 'ஓர் அறிக்கை' என்று வந்தால் 'ஏ ரிப்போர்ட்'.

ஒரு விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணக்கூடிய பெயர்ச்சொல், ஒருமையில், வாக்கியத்துக்குள் மொட்டையாக நிற்பது மிக அரிது. அதற்கு முன்னால் 'ஏ', 'தி', 'மை', 'திஸ்' என்று ஏதாவது ஒன்று வேண்டும். 'ஐ வில் ப்ரிபேர் ப்ரசன்டேஷன்' என்பது கையும் காலும் கட்டிப்போட்ட மாதிரி நிற்கிறது. எண்ண முடியாதவை வேறு கதை. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'எக்விப்மென்ட்', 'ஃபீட்பேக்' ஆகியவற்றுக்கு முன் 'ஏ' வராது, பின்னால் 'எஸ்' சேராது. 'ஏ'யா 'ஆன்'னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒலியைக் கேளுங்கள்: 'ஆன் அவர்', 'ஏ யுனிவர்சிட்டி', 'ஆன் எம்.பி.ஏ'.

நான்காவது 'இட்ஸ்'. மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போட்டால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். போடாவிட்டால் 'அதனுடைய'. எழுதும்போதெல்லாம் 'இட் இஸ்' என்று விரித்துப் படியுங்கள். ஒத்துவந்தால் குறி, இல்லையென்றால் வேண்டாம். 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்' எதிலும் குறி இல்லை என்பதை நினைவில் வையுங்கள். இதற்காக வெட்கப்படாதீர்கள். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் மூலப் பிரதியில், முதல் பிரிவின் பத்தாம் உட்பிரிவில், 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' மேற்குறியோடுதான் இருக்கிறது. அன்றைக்கு வழக்கு இன்னும் உறுதிப்படவில்லை. இன்றைக்கு உறுதிப்பட்டுவிட்டது, அதனால் நாம் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

மீதி ஏழில் மூன்றை மட்டும் சொல்லி நகர்கிறேன். 'டிஸ்கஸ் அபௌட்' வேண்டாம், 'டிஸ்கஸ்' போதும். 'ஆல்தோ' வந்தால் அதே வாக்கியத்தில் 'பட்' வேண்டாம். 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் இஸ் தி ஃபைல்' என்பதை 'வேர் தி ஃபைல் வாஸ்' என்று மாற்றுங்கள்.

புத்தகம், செயலி, மாற்றல்

இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி உங்களுக்கு ஏற்கெனவே சரியாக வருகிறது. பெயர்ச்சொல் என்றால் என்ன என்பதில் தொடங்கினால், உங்களுக்கு வேண்டிய பக்கம் வருவதற்குள் சோர்ந்துவிடுவீர்கள். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த நான்கு தலைப்புகளை மட்டும் தேடிப் பிடித்துப் படியுங்கள்.

செயலி உதவும். நானும் பயன்படுத்துகிறேன். விட்டுப்போன 'தி', ஒன்றுக்கு இரண்டாக விழுந்த இடைவெளி, இதையெல்லாம் கண் தவறவிட்டாலும் அது பிடித்துவிடும். ஆனால் முழுப் பொறுப்பையும் கொடுக்க முடியாது. எனக்குப் புரியாத ஒரு வாக்கியம் என்றேனே, அது உங்கள் மூன்றாவது மெயிலில் இருக்கிறது: 'வி டிட் நாட் சேஞ்ச் தி டிசைன் பிகாஸ் ஆஃப் தி காஸ்ட்.' செலவு அதிகம் என்பதால் வடிவமைப்பை மாற்றவில்லை என்கிறீர்களா? மாற்றினோம், ஆனால் அதற்குக் காரணம் செலவு அல்ல என்கிறீர்களா? இரண்டு பொருளும் வரும். இலக்கணம் முழுக்கச் சரியாக இருப்பதால் செயலி இதை எளிதில் கடந்துவிடும். நீங்கள் மனதில் நினைத்தது எது என்று அதற்குத் தெரியாது. 'பிகாஸ் ஆஃப் தி காஸ்ட்' என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்க் காற்புள்ளி போட்டால் முதல் பொருள் மட்டும் நிற்கும். அதேபோல் 'நாட்' என்று அடிக்கும்போது கடைசி எழுத்து மாறி 'நவ்' ஆகிவிட்டால், 'எங்களால் முடியாது' என்ற செய்தி 'இப்போது எங்களால் முடியும்' என்று போய்ச் சேரும். இரண்டுமே ஒழுங்கான சொற்கள், ஒழுங்கான வாக்கியங்கள். ஆகவே தேதி, எண், 'நாட்', ஒப்பந்த வாசகம் இவற்றை உங்கள் கண்ணால் மட்டுமே சரிபாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வாடிக்கையாளர் விவரம் உள்ள மெயிலை வெளியார் செயலியில் ஒட்டுவதற்கு முன், உங்கள் நிறுவனம் அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிழையைவிட அது பெரிய சிக்கலில் மாட்டிவிடும். செயலி காட்டும் திருத்தத்தை ஏற்கும்முன் ஏன் என்று உங்களுக்கே ஒரு வரி சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் அதை ஏற்காதீர்கள்.

மாற்றல் கேட்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். 11 ஆண்டு வாடிக்கையாளர்களோடு பழகிய அறிவு உங்கள் மெயில்களில் தெரிகிறது. எது முன்னால் சொல்ல வேண்டும், எது பின்னால் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை என்னைப் போன்ற ஒருவரால் திருத்தித் தர முடியாது. காற்புள்ளியைத்தான் திருத்தித் தர முடியும்.

ஒன்றரை மணி நேரம் ஆவதற்குக் காரணம், எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்கிறீர்கள். ஒரு வரி எழுதி, அதை ஐந்து முறை படித்து, அழித்து, மறுபடி எழுதுகிறீர்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இனி முதலில் ஆறு வரியையும் தப்பும் தவறுமாக எழுதி முடித்துவிடுங்கள். பெறுநர் முகவரியைக் காலியாக வையுங்கள், தவறிப் போய்விடாது. பத்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். அப்புறம் நான்கு சுற்று. முதல் சுற்றில் நேரம் சொல்லும் சொற்களையும் அவற்றின் வினைகளையும் மட்டும் பாருங்கள். இரண்டாவதில் ஒவ்வொரு காற்புள்ளி. மூன்றாவதில் பெயர்ச்சொற்கள். நான்காவதில் 'இட்ஸ்'. ஒரு சுற்றில் வேறு பிழை கண்ணில் பட்டாலும் அதை அதன் சுற்றுக்கு விட்டுவிடுங்கள். முக்கியமான மெயில் என்றால் கடைசி வாக்கியத்தில் தொடங்கி மேலே போங்கள். வரிசையாகப் படித்தால் சொல்ல நினைத்ததையே மனம் படித்துவிடும்.

மேலாளரும் தோழியும்

வாடிக்கையாளருக்குப் போகும் எழுத்துக்கு மேலாளர் பொறுப்பு. திருத்த அவருக்கு உரிமை உண்டு. எல்லோர் முன்னும் திருத்திக் காட்டுவதற்கு அவசியம் எதுவும் இல்லை. அவரிடம் தனியாகப் பேசுங்கள். "நீங்கள் திருத்தியதில் எனக்குப் பயன் இருந்தது. இனி எனக்கு மட்டும் அனுப்பினால் நல்லது" என்று சொன்னால் போதும். பிழையல்லாத அந்த மூன்றைப் பற்றி முதல் பேச்சிலேயே வாதாட வேண்டாம். "இதில் நம் அலுவலக வழக்கம் என்ன?" என்று கேட்டால் அவர் சொல்வதை நீங்கள் பின்பற்றிவிடலாம். கேட்ட பிறகும் குழுவுக்கே அனுப்பினால், அதே வேண்டுகோளை எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தோழியின் உதவியை நிறுத்த வேண்டாம், விதத்தை மாற்றுங்கள். அவர் திருத்திக் கொடுப்பதால் மெயில் சரியாகப் போகிறது, ஆனால் எங்கே தவறினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. திருத்தாமல், பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். அந்த வரியில் பிழையைத் தேடிப் பிடிப்பது உங்கள் வேலை. ஐந்து நிமிடம் தேடியும் அகப்படாவிட்டால் மட்டும் அவரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்க நேர்ந்த வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒரு மாதம் கழித்து எனக்கு அனுப்புங்கள்.